ஆட்களை வரியாகக் கட்டிய ஊர்: தகயாமாவின் தேர்த் திருவிழா



அரசாங்கத்துக்கு வரியை எப்படியெல்லாம் கட்டலாம்? நெல்லாகக் கட்டலாம், துணியாகக் கட்டலாம், காசாகக் கட்டலாம். சுமார் 1,200 வருஷத்துக்கு முன்னாடி ஜப்பானில் ஒரு மாகாணம் மட்டும் ஆட்களாகக் கட்டியது. கணக்கு ரொம்பத் தெளிவு: ஐம்பது வீட்டுக்குப் பத்துத் தச்சர்கள். அந்த மாகாணத்தின் பேர் ஹிடா. அதோட முக்கிய ஊர் தகயாமா. இந்த எபிசோட் அந்த ஊரையும், அங்கே வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கிற தேர்த் திருவிழாவையும் பத்தினது.

தகயாமான்னு தேடினா என்ன படம் வரும்னு உங்களுக்கே தெரியும். கறுத்த மர வீடுகள், ஆத்துக்கு மேல சிவப்புப் பாலம், கிமோனோ போட்டு செல்ஃபி எடுக்கிறவங்க. வேலை விஷயமா நான் சில மாசம் நகோயாவில் இருந்தேன். அங்கேருந்து வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் ரயிலுக்குப் பேரே 'ஹிடா'. இரண்டரை மணி நேரப் பயணம். கொஞ்ச நேரத்துலயே சமவெளி முடிஞ்சிடுது. அப்புறம் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, நடுவுல ஒத்தைத் தண்டவாளம். இந்த ரயில் பாதை முழுசா முடிஞ்சது 1934-இல்தான். அதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு வரணும்னாலும் போகணும்னாலும் மலையை நடந்து தாண்டணும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மரமும் கையும்

இன்றைய தகயாமா, பரப்பளவில் ஜப்பானின் மிகப் பெரிய நகராட்சி. 2,177 சதுர கிலோமீட்டர். அதில் 90 சதவீதத்துக்கு மேல் காடு. மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடாது. நிலம் இருக்கு, ஆனா நெல் விளைகிற நிலம் கொஞ்சம்தான்.

8-ஆம் நூற்றாண்டில் ஜப்பான் அரசு சீனாவைப் பார்த்து ஒரு சட்டத் தொகுப்பு எழுதியது. எல்லா மாகாணமும் துணியும் உள்ளூர்ப் பொருட்களும் வரியாக அனுப்பணும். ஹிடாவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அந்த வரிகள் வேண்டாம், பதிலா ஐம்பது வீடு கொண்ட ஊருக்குப் பத்துத் தச்சர்களை அனுப்புங்க. ஒரு வருஷம் வேலை, அப்புறம் அடுத்த ஆட்கள். நாலு தச்சருக்கு ஒரு சமையல் ஆள் துணைக்கு. போனவங்களுக்கான சாப்பாட்டு அரிசியை ஊரில் மிச்சம் இருக்கிறவங்க கொடுக்கணும். ஆளும் இவங்க, அரிசியும் இவங்க.

அப்போ நாரா புதுத் தலைநகரம். அரண்மனை, அலுவலகங்கள், கோயில்கள் எல்லாம் மரத்துல எழும்பிக்கிட்டு இருந்த நேரம். இன்னைக்கு நாம கேமராவைத் தூக்கிட்டுப் போய்ப் பார்க்கிற அந்த நாரா காலக் கட்டடக் கலைக்குப் பின்னாடி இந்த மலைக்காரங்களோட கையும் இருக்கு. 'ஹிடா நோ தகுமி', அதாவது ஹிடாவின் கைவினைஞர் என்கிற பேர் அப்படித்தான் பரவியது. ஜப்பானில் இன்றும் அது ஒரு பெருமைப் பட்டம்.

பெருமை எல்லாம் பின்னாடி வந்தது. அன்னைக்கு வேலை பார்த்தவங்களில் பல பேர் ஓடிப் போனாங்க. எப்படித் தெரியும்னா, அவங்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லி அரசாணைகள் இருக்கு. 834-ஆம் வருஷத்து ஆணை ஒண்ணு சொல்ற விஷயத்தைக் கேளுங்க: ஹிடாக்காரங்க பேச்சும் முகமும் மத்த மாகாணத்துக்காரங்க மாதிரி இருக்காது, அதனால பேரை மாத்திக்கிட்டாலும் அடையாளம் தெரிஞ்சிடும். வேற பேர்ல வேற ஊர்ல வேலை பார்த்துக்கிட்டு ஒளிஞ்சிருக்கிற ஒரு தச்சர். அவர் வாயைத் திறந்தா மாட்டிக்குவார். பேச்சு வழக்கே ஒரு பயோமெட்ரிக் மாதிரி. இந்த ஆணையைப் பத்திப் படிச்சதுக்கு அப்புறம் எனக்கு அந்த ஊரின் மர வேலை எதைப் பார்த்தாலும் வெறும் அழகா மட்டும் தெரியலை.

கோட்டை போச்சு, அலுவலகம் வந்தது

ஒரே தாவலில் 16-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்துகொண்டிருந்த ஹிதேயோஷியின் தளபதிகளில் ஒருவர் கனமோரி நகசிகா. 1585-இல் ஹிடாவைப் பிடிக்கிறார். அவரும் அவர் வம்சமும் கட்டியதுதான் நாம பார்க்கிற தகயாமா. மலை மேல் கோட்டை, கீழே மியாகாவா ஆறு, நடுவில் நேர் கோடு போட்ட மாதிரி வியாபாரிகளின் தெருக்கள், கிழக்கே கோயில்கள். கியோட்டோவை மனசுல வெச்சுப் போட்ட பிளான்.

கனமோரி குடும்பம் ஆறு தலைமுறை ஆண்டது. 1692-இல் ஷோகுன் அரசு அவங்களை வேற ஒரு மாகாணத்துக்கு மாத்திட்டு, ஹிடாவைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கிச்சு. காரணம் பக்தியோ பாசமோ இல்லை. மரமும் சுரங்கமும். 1695-இல் கோட்டையை இடிச்சாங்க. ராஜா இடத்தில் இப்போ ஒரு அதிகாரி, அவருக்கு ஒரு அலுவலகம்.

அந்த அலுவலகக் கட்டடம் இன்னும் நிக்குது. தகயாமா ஜின்யா. எடோ காலத்தில் நாடு முழுக்க இப்படி அலுவலகங்கள் இருந்தன. முதன்மைக் கட்டடம் மிஞ்சியிருப்பது இங்கே மட்டும்தான். 1969 வரைக்கும் அரசாங்க அலுவலகமாவே ஓடியிருக்கு. உள்ளே போனா பாய் விரிச்ச பெரிய அறைகள், வரி நெல் அடுக்குற கிடங்கு, அப்புறம் விசாரணைக் கூடம். அந்தக் கூடத்தில் சித்திரவதைக் கருவிகளைக் காட்சிக்கு வெச்சிருக்காங்க. டூர் குழுக்கள் அந்த இடத்தில் கொஞ்சம் அமைதியாயிடுறாங்க.

அமைதியாக வேண்டிய இடம்தான். 1771-இல் இருந்து 1788 வரைக்கும் ஹிடா விவசாயிகள் விட்டு விட்டுப் போராடியிருக்காங்க. அப்போ இருந்த அதிகாரியின் பேரால் அதை ஓஹாரா கலகம்னு சொல்றாங்க. 1773-இல் அவர் நிலத்தை எல்லாம் திரும்ப அளக்கக் கிளம்பினார். திரும்ப அளந்தா வரி கூடும், இது எல்லா ஊர் விவசாயிக்கும் தெரிஞ்ச கணக்கு. கூட்டம் சேர்ந்தது, மனு கொடுத்தாங்க, பக்கத்து ஆட்சிப் பகுதிகளில் இருந்து படை வந்தது. அடுத்த வருஷம் தலைவர்களுக்கு மரண தண்டனை. அதில் ஒருவர் ஹோங்கோ கிராமத்து ஸென்குரோ. வயசு 18. அதிகாரிக்குப் பிறகு அவர் மகன் பதவிக்கு வந்தான், அவனும் அதே ரகம். விவசாயிகள் விடலை. கடைசியில் அந்த மகனை ஹசிஜோ தீவுக்கு நாடு கடத்தினாங்க. பதினெட்டு வருஷம் கழிச்சு ஒரு சின்ன நியாயம்.

இப்போ ஒரு கேள்வி வரும். திருவிழா எபிசோட்னு சொல்லிட்டு வரியும் கலகமுமா பேசிட்டு இருக்கியே? காரணம் இருக்கு. தேர்கள் இப்போ இருக்கிற வடிவத்துக்கு வந்ததும் இந்த நேரடி ஆட்சிக் காலத்தில்தான்.

வீட்டில் காட்டக் கூடாது, தெருவில் காட்டலாம்

சன்மாச்சி என்கிற பழைய வியாபாரித் தெருக்களில் நடந்தா ஒரு விஷயம் கண்ணில் படும். எல்லா வீடும் உயரம் கம்மி, கூரை விளிம்பு தாழ்வு, நிறம் கறுப்பு. சாராய வியாபாரமும் வட்டித் தொழிலும் செஞ்சு நல்லாச் சம்பாதிச்ச குடும்பங்கள் இங்கே இருந்தன. ஆனா ஷோகுன் காலத்தில் வியாபாரிக்குன்னு ஒரு அளவு உண்டு. வீடு அதிகாரி வீட்டை மிஞ்சக் கூடாது. நல்ல மரத்தை ஆசைக்கு எடுத்துக் கட்டவும் முடியாது. மரத்தின் மேல் கரி கலந்த சாயத்தைப் பூசுவாங்க. உள்ளே என்ன மரம்னு வெளியே தெரியாது.

அப்போ காசும் கைவேலையும் எங்கே போச்சு? தேருக்குப் போச்சு. ஊர்ல கேட்டா எல்லாரும் இந்த விளக்கத்தைத்தான் சொல்றாங்க. வீட்டில் பகட்டு கூடாது, சாமிக்கு எடுக்கிற தேரில் யார் கேட்பாங்க? அரக்குப் பூச்சு, தங்கத் தகடு, செதுக்குச் சிற்பம், வெளியூரில் இருந்து வந்த நெசவுத் துணி, உச்சியில் ஆடுற பொம்மை. ஜப்பானிய மொழியில் இந்தத் தேருக்கு 'யாதாய்'னு பேரு. ஒவ்வொரு தேரும் ஒரு தெருக் குழுவோட சொத்து. தனி ஒருத்தருக்குச் சொந்தம் கிடையாது, கோயிலுக்கும் சொந்தம் கிடையாது. பழுது பார்க்கிறதும் அவங்க, இழுக்கிறதும் அவங்க. பக்கத்துத் தெருத் தேரை விட நம்ம தேர் ஒரு படி மேல இருக்கணும் என்கிற போட்டியும் அவங்களோடது.

மொத்தம் 23 தேர்கள். ஏப்ரல் 14, 15-இல் ஹியே கோயிலின் வசந்தத் திருவிழாவுக்குப் பன்னிரண்டு. அக்டோபர் 9, 10-இல் சகுரயாமா ஹசிமான் கோயிலின் இலையுதிர்காலத் திருவிழாவுக்குப் பதினொண்ணு. நடுவுல ஓடுற ஒரு தெருதான் எல்லை: தெற்கே இருக்கிறவங்க ஹியே கோயில், வடக்கே ஹசிமான் கோயில்.

ஹிடாக் கைவினையின் நீண்ட கதையில் எனக்கு இந்த இடம்தான் முக்கியமாப் படுது. பல நூறு வருஷம் இந்த ஊரின் கைத்திறன் வெளியே அனுப்பப்பட்டது, உத்தரவின் பேரில், யாரோ ஒருத்தரின் அரண்மனைக்கு. தேர் அப்படி இல்லை. அது இவங்க தெருவுக்காக இவங்களே செஞ்சுக்கிட்டது. 1822-இல் பிறந்து 1864-இல் இறந்த தனிகுச்சி யோரோகு என்கிற சிற்பி இங்கே பெரிய பேர். அவர் செதுக்கின உருவங்கள் இன்னைக்கும் தேரோட தெருவில் உருண்டுக்கிட்டு வருது. மியூசியம் கண்ணாடிக்குப் பின்னாடி இல்லை, ரோட்டுல, குழந்தைங்க கண் மட்டத்துல.

மழை நாளும் வெயில் நாளும்

நான் போனது இலையுதிர்காலத் திருவிழாவுக்கு. 9-ஆம் தேதி மழை. மழைன்னா தேர் வெளியே வராது. அரக்கும் தங்கமும் பழைய மரமும் நனையக் கூடாது, அவ்வளவுதான், பேச்சுக்கே இடமில்லை. ராத்திரி நூறு விளக்கு வரை ஏத்தின தேர்கள் ஊர்வலம் வரும்னு ஆசைப்பட்டு வந்த கூட்டம் குடையோட நின்னது.

பதிலா தேர்க் கொட்டகைகளைத் திறந்து வெச்சாங்க. ஊர் முழுக்க அங்கங்கே வெள்ளைச் சுவரோட, ஒடுக்கமா, ரொம்ப உயரமா இந்தக் கட்டடங்கள் இருக்கும். நெருப்புப் பிடிக்காத மாதிரி தடிச்ச மண் சுவர், தேர் உயரத்துக்கே கதவு. இந்த ஊரில் நெருப்பு சாதாரண விஷயம் இல்லை. 1875-இல் வந்த தீயில் ஊரின் பெரும் பகுதி போச்சு. அதில் எரிஞ்ச குசகாபே குடும்பத்தின் வீட்டை 1879-இல் கவாஜிரி ஜிசுகே என்கிற தச்சர் திரும்பக் கட்டினார். அப்போ ஷோகுன் ஆட்சி முடிஞ்சிருந்தது, பழைய அளவுகள் செல்லாது. உள்ளே நின்னு மேலே பார்த்தீங்கன்னா, தடுப்பு எதுவும் இல்லாம, தடிச்ச உத்திரங்கள் ஒண்ணு மேல ஒண்ணா கூரை வரைக்கும் போகும். அத்தனை வருஷம் மறைச்சு வெச்ச மரத்தை ஒரே மூச்சில் காட்டின மாதிரி இருக்கும்.

மழைக்கு ஒதுங்கின ஒரு கொட்டகையில் அந்தத் தெருப் பெரியவர் ஒருத்தர் இருந்தார். என் அரைகுறை ஜப்பானிய மொழியைப் பொறுமையாக் கேட்டார். நான் இன்ஜினியர்னு சொன்னதும் என்னைக் குனிய வெச்சு அடியில் ஒரு சக்கரத்தைக் காட்டினார். சாதாரணமா அது தரையைத் தொடாது. முச்சந்தியில் மட்டும் அதை இறக்கி, தேரின் எடையை அதில் ஏற்றி, முழுத் தேரையும் திருப்பிடுறாங்க. 'மொதோஷி குருமா', திருப்புச் சக்கரம்னு சொல்லலாம். ஒரு ஒடுக்கமான தெருவில், இரண்டு பக்கமும் வீட்டுக் கூரை இடிக்காம, டன் கணக்கான மரத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்ப இவ்வளவு எளிமையான தீர்வு. நானா இருந்தா இதுக்கு மூணு மீட்டிங் போட்டிருப்பேன்.

"இழுக்க ஆள் இருக்காங்களா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சிட்டு விரலை மடக்கி எண்ணிக் காட்டினார். தெருவில் முன்னாடி குடும்பங்கள் இருந்த வீடுகள் பல இப்போ கடை, தங்கும் விடுதி. பசங்க நகோயாவில், டோக்கியோவில். திருவிழாவுக்கு வர முடிஞ்சவங்க வராங்க. வர முடியாத வருஷம் வெளியாட்களைக் கூப்பிட வேண்டியிருக்கு. "உன்னை மாதிரி ஆளுங்க எல்லாம் வெளியில்தானே இருக்கீங்க"ன்னார். குத்திச் சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குப் பதில் வரலை.

10-ஆம் தேதி வெயில். கோயில் வாசலில் பதினொரு தேரும் வந்து நின்னாச்சு. கூட்டம் எல்லாம் ஒரே தேர் பக்கம் திரும்பியது: ஹோத்தெய் தேர். உச்சியில் தொப்பை வெச்ச ஹோத்தெய் சாமி. தூரத்தில் இரண்டு சின்னப் பிள்ளை பொம்மைகள். நடுவில் வரிசையா ஊஞ்சல் கம்பிகள். அந்தப் பிள்ளைகள் ஒரு கம்பியில் இருந்து அடுத்த கம்பிக்குச் சுழன்று சுழன்று தாவி, கடைசியில் ஹோத்தெய் மேல் போய் உட்காரணும். கவனிங்க, பொம்மை தாவும்போது முந்தின கம்பியோட தொடர்பு அறுந்துடும். அடுத்த கம்பியில் திரும்பப் பிணையணும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. உள்ளே எட்டு ஒன்பது பேர், மொத்தம் 36 கயிறு. ஒருத்தர் அரை நொடி பிந்தினா பொம்மை அந்தரத்தில் தொங்கும். ஆடுறவங்க யார் முகமும் வெளியே தெரியாது.

இந்த வகைப் பொறிப் பொம்மைக்கு 'கராகுரி'னு பேரு. எடோ காலத்தில் நகோயா, கியோட்டோ, ஒசாகா பக்கம் செழிச்ச கலை. இன்னைக்கு வரைக்கும் தகயாமாவில் இது ஓடுறது ஆவணத்தை நம்பி இல்லை. பெரியவர் கையில் இருந்து சின்னவர் கைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து, வருஷா வருஷம் பழகி வரணும்.

இரண்டு பிள்ளையும் போய்ச் சேர்ந்ததும் ஹோத்தெய் கையில் இருக்கிற விசிறியில் இருந்து ஒரு கொடி விழும். அதில் நாலு எழுத்து. தன் பிரகாசத்தை அடக்கிக்கிட்டு ஊர்ப் புழுதியோடு புழுதியா நிக்கணும் என்கிறது அதன் கருத்து, பழைய சீனத் தத்துவத்தில் இருந்து வந்தது. கரிச் சாயம் பூசின வீடுகள் ஞாபகம் வந்துச்சு. கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

யார் போறாங்க, யார் இருக்காங்க

மலையை நடந்து தாண்டணும்னு முன்னாடி சொன்னேன் இல்லையா? மேய்ஜி காலத்தில் பட்டு நூல் ஏற்றுமதி ஜப்பானின் பெரிய வருமானம். கிழக்கே சுவா ஏரிப் பக்கத்தில் பட்டு ஆலைகள். ஹிடாவின் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகள், பன்னிரண்டு பதிமூணு வயசுக்காரிகள், 1,672 மீட்டர் உயர நோமுகி கணவாயைப் பனியில் நடந்து தாண்டி அங்கே வேலைக்குப் போனாங்க. வருஷக் கடைசியில் சம்பளத்தோட அதே வழியில் திரும்பி வருவாங்க. சிலர் வரலை. ரயில் வந்த பிறகுதான் அந்த நடை நின்னது.

முதல்ல தச்சர்கள், அப்புறம் மரம், அப்புறம் பெண் பிள்ளைகள், இப்போ பட்டதாரிகள். இந்த ஊர் தொடர்ந்து ஆட்களை அனுப்பிக்கிட்டே இருக்கு. நடுநடுவே சிலர் இங்கேயே இருந்து எதையாவது செஞ்சும் காட்டியிருக்காங்க. 1920-இல், மதிப்பில்லைன்னு ஒதுக்கின பீச் மரத்தை ஆவியில் வளைச்சு நாற்காலி செய்ய ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு ஹிடா மரச்சாமான் ஜப்பானில் ஒரு பிராண்டு.

அரசாங்க அங்கீகாரத்துக்குக் குறையில்லை. 1960-இல் 23 தேர்களும் தேசியப் பண்பாட்டுச் சொத்து. 1979-இல் சன்மாச்சி பாதுகாக்கப்பட்ட பகுதி. 2016-இல் ஜப்பானின் 33 தேர்த் திருவிழாக்களைச் சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் போட்டது, அதில் தகயாமாவும் ஒண்ணு. எல்லாம் நல்லதுதான். தேரை, அரக்கை, துணியைக் காப்பாத்தப் பணம் கிடைக்கும். ஆனா பட்டியல் கயிறு பிடிக்காது. அந்த 36 கயிறும் ஆடணும்னா ஒன்பது பேர் இதே ஊரில் வாழணும், இல்லைன்னா பழகுறதுக்காவது திரும்பத் திரும்ப வரணும். ஒரு வார லீவில் வந்து கத்துக்கிற வேலை இல்லை இது.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற உங்களில் பாதிப் பேர், என்னையும் சேர்த்து, பிறந்த ஊரை விட்டு எங்கேயோ ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க. ஹிடாவின் பழைய தச்சருக்கு ஒளிஞ்சுக்கப் பேரை மாத்த வேண்டியிருந்தது, ஏன்னா போகச் சொன்னது ஆணை. நமக்கு ஆணை எதுவும் வரலை, ஆஃபர் லெட்டர்தான் வந்தது. ஊருக்கு வந்த நஷ்டம் மட்டும் அதேதான். இதுக்காக எல்லாரும் ஊருக்குக் கிளம்புங்கன்னு சொல்ல வரலை, நானே கிளம்பலை. ஒரு திருவிழாவை 'எவ்வளவு அழகா பாதுகாத்திருக்காங்க'ன்னு சொல்லும்போது, பாதுகாக்கிறது பொருள் இல்லை, அங்கேயே தங்கி நிக்கிற ஆட்கள் என்கிறதைச் சேர்த்துச் சொல்லணும்.

தகயாமா போறதா இருந்தா ஒரு யோசனை. கூட்டம் எல்லாம் சன்மாச்சியில் இருக்கும்போது, காலையிலேயே ஜின்யாவுக்குப் போய் நெல் கிடங்கையும் விசாரணைக் கூடத்தையும் பாருங்க. அதுக்கு அப்புறம் தேரைப் பாருங்க. அந்த வரிசையில் பார்த்தா தங்கம் வேற மாதிரி தெரியும். அறை மட்டும் பல மாசம் முன்னாடியே போட்டுடுங்க. திருவிழா நாளில் ஊரில் இடம் கிடைக்காது.